ஏரி மீனுக்கும் ஓய்வு வேண்டும்

நான் குடியிருப்பது புதுச்சேரி குருசுக்குப்பத்தில். கடலை ஒட்டிய மீனவர் ஊர். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் இந்தக் கடலில் இறங்கக் கூடாது. மீன் இனம் பெருகட்டும் என்று கடலுக்குக் கொடுக்கிற ஓய்வு அது. அந்த நாட்களில் எங்கள் தெருவுக்கு வரும் கூடைக்காரம்மாவிடம், "என்னம்மா, எல்லாம் ஏரி மீனா இருக்கே?" என்று ஒருமுறை கேட்டேன். "கடலுக்கு லீவு விட்டுட்டாங்க சார். ஏரிக்கு ஏது லீவு?" என்றார் அந்தம்மா.

விளையாட்டாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் நம் ஏரி மீன்களின் நூறு வருஷக் கதையே அதில் அடங்கிவிட்டது.

நம் பக்கத்து ஏரிகளைப் பாருங்கள். பெரியது ஊசுட்டேரி. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து அதை நிரப்புகிறது. பாதி புதுச்சேரியிலும் பாதி தமிழ்நாட்டிலும் கிடக்கிற ஏரி அது. அடுத்தது பாகூர் ஏரி. பரப்பைப் பார்த்தால் கடல் மாதிரி இருக்கும். ஆழம் பார்த்தால் நிரம்பிய காலத்திலும் பத்துப் பன்னிரண்டு அடிதான். சின்ன ஏரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும். சித்திரை, வைகாசியில் குட்டையாகிவிடும்.

இப்படி வற்றுகிற ஏரியில் மீன் எப்படி வருஷா வருஷம் இருந்தது? விரால், குறவை போன்ற மீன்கள் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை உறிஞ்சிப் பிழைக்கக் கூடியவை. கடைசிக் குட்டையிலும் சேற்றிலும் கோடையைத் தள்ளிவிடும். மழை வந்ததும் கெண்டை, கெளுத்தி எல்லாம் புதுத்தண்ணீரை எதிர்த்து வாய்க்காலில் ஏறி முட்டையிடும். விராலோ தன் குஞ்சைக் காவல் காக்கிற மீன். சிவப்பாக ஒரு குஞ்சுக் கூட்டம் தண்ணீரில் திரியும். அதற்கடியில் தாயும் தகப்பனும் இருக்கும். அந்த நேரத்தில் தாயைப் பிடித்துவிட்டால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை.

ஆக, ஏரி மீனுக்கு இரண்டு இடம் உயிர். ஒன்று கோடைக் குட்டை. இன்னொன்று மழைக்கால வாய்க்கால். இதை நம் முன்னோர்கள் புத்தகம் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றைக்கும் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊர்ப் பெரியவர் துண்டை வீசும் வரை யாரும் கண்மாயில் இறங்கக் கூடாது. பிறகு ஊத்தாவும் வலையுமாக ஊரே இறங்கும். அதுவரை ஊர்க் கட்டுப்பாடுதான் மீனுக்குக் காவல்.

இன்னும் பின்னால் போவோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைச் சொல்கின்றன. ஏரிக்கென்றே ஊரார் தேர்ந்தெடுத்த குழு அது. மீன் பிடிக்கக் கொடுக்கும் வரிக்குப் பாசிப்பாட்டம் என்று கல்வெட்டில் பெயர். 'மீன்பாசி குத்தகை' என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்தப் பாசிதான். ஏரி மீன் வருமானத்தில் ஏரியையே தூர்வார வேண்டும் என்று சொல்லும் கல்வெட்டுகளும் உண்டு. மீன் பணம் மண்வெட்டியாகத் திரும்பி ஏரிக்குள் வந்தது. ஏரி ஆழமானால் கோடைக் குட்டை நிற்கும். குட்டை நின்றால் மீன் நிற்கும்.

அப்புறம் காலம் மாறியது. சென்னை ராஜதானியில் ராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, நாடெங்கும் நன்னீர் மீன்களை ஆராய்ந்து 1873ல் அறிக்கை கொடுத்தார். பொடிக்கண் வலையால் குஞ்சு அழிகிறது என்று அப்போதே எச்சரித்தார். 1897ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைப்பதும் விஷம் கலப்பதும் குற்றமாயின. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருந்தது. ஏரிக்கரையில் ஆள் இல்லை. நாளடைவில் ஏரி ஒரு இலாகாவுக்கும் மீன்பாசி வேறொரு இடத்துக்கும் போயிற்று. குத்தகைப் பணம் கஜானாவுக்கு, வண்டல் ஏரிக்கு.

இதற்கு நடுவே புது மீன்களும் வந்தன. 1952ல் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது திலேப்பியா. நாம் ஜிலேபிக் கெண்டை என்கிறோம். சில மாத வயதிலேயே குஞ்சு பொரிக்கத் தொடங்கும். வருஷத்தில் பல தடவை பொரிக்கும். கூட்டம் பெருகி உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். 1959லேயே இதைப் பரப்ப வேண்டாம் என்று தடுத்தார்கள். ஆனால் ஏரிக்குள் போனதைத் திருப்பி எடுக்க யாரால் முடியும்?

நல்லதும் நடந்தது. 1957ல் ஒரிசாவில் ஹிராலால் சௌத்ரி ஊசி மூலம் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தார். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு ஊரூருக்குக் கிடைக்க வழி பிறந்தது. கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிர்கால் அடியிலும் மேயும். ஆனால் தேங்கிய ஏரித் தண்ணீரில் இவை இனம் பெருக்காது. வருஷா வருஷம் குஞ்சு விட்டால்தான் உண்டு.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு ஊரில் சிற்றேரி ஒன்று. ஒரே வருஷக் குத்தகை. எடுத்தவர் சித்திரை மாசம் இரண்டு இன்ஜின் வைத்துக் கடைசிக் குட்டையை இறைத்து, சேற்றையும் துழாவி, இருந்த விராலையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார். மாட்டுக்குத் தண்ணீர் இல்லாமல் போயிற்று. "நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்?" என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். பயிர் நம் வேலை, மீன் நம் வேலை இல்லை என்று நான் ஒதுங்கிவிட்டேன். அடுத்த இரண்டு வருஷம் அங்கே ஜிலேபிதான். விரால் கண்ணில் படவில்லை. குத்தகைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த வருஷம் ஏரி தன்னுடையது இல்லை என்றால், யார்தான் தாய்மீனை விட்டு வைப்பார்கள்?

அதனால்தான் சொல்கிறேன்: ஏரி மீனைக் காப்பதும் கெடுப்பதும் குத்தகைச் சீட்டுதான். புதுவையில் 1999 முதல் 2008 வரை ஐரோப்பிய உதவியோடு ஏரிச் சீரமைப்புத் திட்டம் நடந்தபோது ஊருக்கு ஊர் ஏரிச் சங்கம் அமைத்தார்கள். அப்படிச் சங்கம் உள்ள ஊரார் குத்தகை பேசும்போது நாலு விஷயம் கேளுங்கள். குத்தகை மூன்று வருஷத்துக்காவது இருக்கட்டும். ஏரியின் ஆழமான மூலையில் ஒரு குட்டையைக் கோடையில் இறைக்காமல், வலை போடாமல் விடட்டும். முதல் மழைத் தண்ணீர் வரும் நாட்களில் வாய்க்காலிலும் கலங்கலிலும் கொசுவலை கட்டக் கூடாது. குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு தூர்வாரத் திரும்பி வரட்டும்.

விட்ட கட்லா, ரோகுவை முழுசாகப் பிடித்துக்கொள்ளலாம். அது விதைத்து அறுப்பது மாதிரி. விராலும் கெளுத்தியும் அப்படியில்லை. அவை நாம் விதைக்காத பயிர். விதைநெல்லை அவையேதான் வைத்துக்கொள்கின்றன. ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் யார் கொடுத்தாலும் ஏரியில் விடாதீர்கள். அது அரசு தடை செய்த மீன். மற்ற மீனைத் தின்று தீர்த்துவிடும். ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மீன் பறவைக்கும் சோறு என்பதை மறக்க வேண்டாம்.

கூடைக்காரம்மா கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. பதில் அரசாணையில் மட்டும் இல்லீங்க. வருகிற சித்திரையில் உங்கள் ஊர் ஏரியின் கடைசிக் குட்டையில் யாராவது இன்ஜினை இறக்கினால், நீங்கள் கரையில் நின்று சொல்லப்போகிற அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.