கணக்குக் காட்டாதவருக்கு என்ன தண்டனை?

நம்மூர்க்காரர்களுக்குச் சமணர் மலையை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கீழக்குயில்குடி அய்யனார் கோயில் பக்கமாகப் படியேறிப் பேச்சிப்பள்ளத்துக்குப் போனால், தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து வரிகள் இருக்கும். அதில் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி இது என்று சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் பெயர் அழியவில்லை.

ஆனால் அது கொடை. கொடுத்தவர் பெயரைப் போடுவதில் யாருக்கும் சங்கடம் கிடையாது. ஊர்ப்பணத்தை வாங்கிச் செலவழித்தவர் கணக்கை எழுதுவதில்தான் சங்கடமே. அதற்கு உத்திரமேரூர் கல்வெட்டுக்குப் போக வேண்டும்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டியவை. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதுதான். கணக்குப் பிரிவில் வேலை பார்த்த எனக்கு அதில் பிடித்தது வேறொரு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது. அவனோடு விட்டார்களா? சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், தாய்மாமன், சகோதரியைக் கட்டியவன், மருமகன், தகப்பன், மகன் என்று உறவு முழுவதையும் விலக்கிவிட்டார்கள். பினாமிக்கு வழியே இல்லை! (இதைப் பெரிய மக்களாட்சி என்று தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். நிலமும் வேதப்படிப்பும் உள்ள பிராமணர் சபை அது. உழுதவனுக்கு அங்கே ஓலை இல்லை.)

நம் காலத்துக்கு வருவோம். தகவல் உரிமைச் சட்டத்தை 1997-லேயே கொண்டுவந்தது தமிழ்நாடு. ஆனால் சொல்ல மறுக்கலாம் என்ற விலக்குகள் அதில் ஏராளம். ராஜஸ்தானில் அருணா ராய் முதலானோருடன் கூலித் தொழிலாளர்கள் 1996-ல் பியாவர் நகரில் தர்ணா இருந்து, எங்கள் பணம், எங்கள் கணக்கு என்று கேட்டார்கள். அந்த வேகத்தில் பிறந்ததுதான் 2005 மத்திய சட்டம்.

அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே அலுவலகங்கள் தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. அரசு இணையதளங்களில் வரவு செலவு, திட்டம், பயனாளிப் பட்டியல் எல்லாம் போடுவதற்கு அடிப்படை இதுதான். 2020 ஏப்ரல் 24-ல் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சிக் கணக்குகளைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

சிக்கல் எங்கே என்றால், மனுப் போட்டுக் கேட்டும் காரணமில்லாமல் பதில் தராத அலுவலருக்கு 20-ஆம் பிரிவில் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் உண்டு. இணையதளத்தில் தானாகப் போட வேண்டியதைப் போடாமல் விட்டால் அப்படி நேரடி அபராதம் எதுவும் இல்லை. சோழர் காலத்துச் சபை எந்த இடத்தில் கையை வைத்ததோ, அதே இடத்தை நாம் ஓட்டையாக விட்டுவிட்டோம். அதனால்தான் பல தளங்கள் பழைய கணக்கோடும், விவரமில்லாத வெறும் தொகையோடும் நிற்கின்றன.

கிராம சபை இப்போது தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் வயதுக்காரர்களுக்கு அன்றைக்கு வேறு என்ன வேலை? பேரப்பிள்ளைகளிடம் சொல்லி ஊர்க்கணக்குப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள். எந்தத் தெருவுக்கு எந்த விளக்கு என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.