உரோம் நகரில் பிறந்த பாலை இசை

ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை வகுத்த தொல்காப்பியர், தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணினார். நிலத்தையும் அதன் இசையையும் பிரிக்கவியலாது என்பது அவ்வகுப்பின் உட்பொருள். இக்கருத்தை உரைகல்லாகக் கொண்டு இருபதாம் நூற்றாண்டின் திரையிசையை நோக்கினால் வியப்பூட்டும் முரண் ஒன்று தென்படும். தனித்து அதிரும் மின் கித்தார், தொலைவிலிருந்து வருவது போன்ற சீழ்க்கை, இடையிடையே சாட்டையின் சொடுக்கு ஆகிய இவற்றைக் கேட்ட அளவில் அமெரிக்க மேற்குப் பாலை நம் கண்முன் விரிகிறது. ஆயின் இவ்விசை ஒன்றுகூடி உருப்பெற்ற இடம் அப்பாலையன்று. இத்தாலியின் தலைநகராகிய உரோம்.

1960களில் இத்தாலியர் எடுத்த கௌபாய் படங்களை, அந்நாட்டு உணவின் பெயரால் 'ஸ்பகெட்டி வெஸ்டர்ன்' என்று சிலர் ஏளனமாக அழைத்தனர். அவற்றுள் பல ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவின் வறண்ட நிலப்பகுதியில் படமாக்கப்பட்டவை. 1964இல் வெளிவந்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' படத்தில் இயக்குநர் செர்ஜியோ லியோனே 'பாப் ராபர்ட்சன்' என்றும், இசையமைப்பாளர் என்னியோ மொரிக்கோனே 'டான் சாவியோ' என்றும் மாற்றுப் பெயர்களில் தோன்றினர். இத்தகைய படத்துக்கு அமெரிக்கப் பெயரே மதிப்பளிக்கும் என்று கருதப்பட்ட காலம் அது.

அமெரிக்கருடைய மேற்கத்திய இசைதான் அம்மண்ணிலேயே விளைந்ததோ எனில், அதுவும் இல்லை. 'பில்லி தி கிட்' (1938), 'ரோடியோ' (1942) ஆகிய பாலே இசைகளால் பரந்த புல்வெளியின் ஒலியை வகுத்தவர் ஆரன் காப்லண்ட். அவர் நியூயார்க்கின் புரூக்ளினில், குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 'ஹை நூன்' (1952), 'ரியோ பிராவோ' (1959) படங்களுக்கு இசையமைத்த திமித்ரி தியோம்கின், உக்ரைனின் கிரெமென்சுக் நகரில் பிறந்து ரஷ்யாவில் இசை பயின்றவர். இவர்களுடைய கருவி பெரிய வாத்தியக் குழுவாகும். உரோம் இசைஞர் அக்குழுவை ஒதுக்கி ஒற்றைக் கித்தாரை முன்னிறுத்தினர். மாற்றம் அங்குத் தொடங்கியது.

அக்கித்தார் ஒலியின் வரலாறு சுவையானது. அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் டுவேன் எட்டி என்னும் இளைஞர் 1958இல் 'ரெபல் ரவுசர்' என்னும் இசைத்தட்டைப் பதிவு செய்தார். பாட்டின் மெட்டைக் கித்தாரின் மெல்லிய தந்திகளில் வாசியாது, தடித்த மந்தரத் தந்திகளில் வாசித்தது அவர் புதுமை. எதிரொலி தரும் அறை இல்லாமையால், பெரிய தண்ணீர்த் தொட்டியொன்றின் ஒரு முனையில் ஒலிபெருக்கியையும் மறுமுனையில் ஒலிவாங்கியையும் வைத்து ஆழத்தை உண்டாக்கினர். ஈராண்டு கழித்து இங்கிலாந்தின் 'தி ஷேடோஸ்' குழு 'அப்பாச்சி'யை வெளியிட்டது. அதில் ஹாங்க் மார்வின் கித்தாருக்கு எதிரொலி ஊட்டிய கருவி, இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த மெயாட்சி நிறுவனத்தின் செய்பொருள்! அரிசோனாவில் முளைத்த ஒலி இலண்டனில் இத்தாலியக் கருவியால் மெருகேறிப் பின்பு உரோமை அடைந்தது.

உரோமில் அதற்கு உயிர் தந்த நிகழ்ச்சி 1962இல் நடந்தது. அமெரிக்க நாட்டுப்பாடகர் உட்டி கத்ரி 1941இல் 'பாஸ்ச்சர்ஸ் ஆஃப் பிளென்ட்டி' என்னும் பாடலை எழுதியிருந்தார். ஊர் ஊராய் அலைந்து பிறர் வயலில் கனி பறிக்கும் கூலித் தொழிலாளரின் பாடல் அது. அதன் மெட்டோ 'பிரிட்டி பாலி' என்னும் பழங்கதைப் பாடலிலிருந்து வந்தது. பீட்டர் டெவிஸ் இத்தாலியில் இதைப் பாடியபோது பின்னணியை அமைத்தவர் மொரிக்கோனே. சாட்டை, மணி, சீழ்க்கை ஆகியவற்றை அவர் அதில் புகுத்தினார். லியோனே அப்பதிவைக் கேட்டு, பாடகரின் குரலை நீக்கிய பின்னணியே தமக்கு வேண்டும் என்றார். குரல் இருந்த இடத்தில் புதிய மெட்டு ஏறியது. அலெஸ்ஸாந்த்ரோ அலெஸ்ஸாந்த்ரோனி அதனைச் சீழ்க்கையடித்தார், கித்தாரையும் வாசித்தார். உழைப்பாளியின் சொல் மறைந்தது. அதற்கு ஊன்றுகோலாக இருந்த ஓசை உலகப்புகழ் பெற்றது.

ஏனைய வேர்களும் பலதிசைப்பட்டவை. 'ரியோ பிராவோ'வில் தியோம்கின் அமைத்த 'தெகுவேயோ' என்னும் எக்காள இசையை இறுதிச் சண்டைக் காட்சிக்குப் பயன்படுத்த லியோனே விரும்பினார். மொரிக்கோனே அதற்கு இணங்காது, தொலைக்காட்சிக்கெனத் தாம் முன்னர் அமைத்த ஒரு தாலாட்டை எடுத்து, மெக்சிகோ பாணியில் அசைவுகள் சேர்த்து வாசிக்கச் செய்தார். 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' (1965) படத்தில் சிசிலித் தீவினர் 'மர்ரன்சானோ' என்றழைக்கும் கருவி ரீங்கரிக்கிறது. நம் கச்சேரி மேடையின் மோர்சிங்கும் அதே இனத்தது. 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) படத்தில் ஓநாயின் ஊளையை ஒத்த ஒரே சிறு மெட்டு, மூன்று பாத்திரங்களுக்கேற்பப் புல்லாங்குழல், ஓகரினா, மனிதக்குரல் என உருமாறுகிறது. புதுமையிசையில் மொரிக்கோனே கொண்டிருந்த ஈடுபாடும் இதன்பால் உண்டு. கொஃப்ரெதோ பெத்ராஸ்ஸியிடம் முறையாக இசையாக்கம் பயின்ற அவர், ஓசைகள் அனைத்தும் இசைக்கு உரியவையே எனக் கருதிய 'நுவோவா கொன்சொனான்சா' குழுவிலும் பங்கேற்றவர். 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) படத்தில் மௌத் ஆர்கனின் ஓலத்தைத் தொடர்ந்து கரகரப்பாகச் சிதைக்கப்பட்ட மின் கித்தார் முழங்கும்போது, தொடக்கத்தில் இனிமை காட்டிய கருவியே அச்சத்தின் குரலாகிவிடுகிறது.

இவ்விடத்தில் நியாயம் பற்றிய ஒரு வினா எழுகிறது. மொரிக்கோனேக்கு 2007இல் வாழ்நாள் சாதனைக்கான ஆஸ்கார் கிட்டியது, 2016இல் மீண்டும் ஆஸ்கார் பெற்றார், 2020இல் மறைந்தார். அவர் பெருமை ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் சுரத்தை எழுதலாம். தந்தியைச் சுண்டும் விரலின் அழுத்தத்தையும், சீழ்க்கையில் கலந்த மூச்சையும் எழுத்தில் அடைக்க இயலாது. இவை அலெஸ்ஸாந்த்ரோனி, கித்தார்க் கலைஞர் புரூனோ பத்திஸ்தி த'அமாரியோ, சொற்களின்றிப் பாடிய எத்தா தெல்லோர்சோ முதலியோரின் கொடை. மெட்டை முணுமுணுக்கும் கோடிக்கணக்கானோருள் இப்பெயர்களை அறிந்தோர் மிகச் சிலரே. 1968இல் ஹியூகோ மாண்டினீக்ரோ மீண்டும் வாசித்து வெளியிட்ட 'குட், பேட்' இசைத்தட்டு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாமிடத்தையும் இங்கிலாந்தில் முதலிடத்தையும் எட்டியது. பாலையை அமெரிக்காவுக்கே திருப்பி விற்றது உரோமில் பிறந்த மெட்டு!

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பில் திரிந்து நிற்கும் நிலையே பாலை என்று காட்டினார் இளங்கோவடிகள். பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. இந்தப் பாலை இசைக்கும் அவ்விலக்கணம் பொருந்தும். கூலித் தொழிலாளர் பாடலும் சிசிலியின் நாட்டுக்கருவியும் மெக்சிகோவின் எக்காளமும் அரிசோனாவின் தண்ணீர்த் தொட்டியும் தத்தம் இடம்விட்டுத் திரிந்து ஒன்றானபோது அது பிறந்தது. அதை ஒரு நாட்டுக்கோ ஒரு மனிதருக்கோ மட்டும் உரிமையாக்குவது, அதற்குத் தந்தியும் மூச்சும் தந்தோரை மறப்பதாகும்.