டுசல்டோர்ஃப் மாநகரசபையின் வரவுசெலவுத் திட்டம்: கணக்கைத் தயாரிப்பவர் யார், எமக்கு அதில் என்ன இடம்?

பிள்ளை படிக்கும் பாடசாலையின் மலசலகூடம் எப்போது திருத்தப்படும், பேரப்பிள்ளைக்குப் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைக்குமா, விளையாட்டுக் கழகத்துக்கான உதவித்தொகை அடுத்த வருடமும் வருமா? டுசல்டோர்ஃபில் வாழும் எமது குடும்பங்கள் கேட்கும் இக்கேள்விகளுக்கான விடை, மாநகரசபையின் வரவுசெலவுத் திட்டத்தில் எண்களாக எழுதப்படுகிறது. அந்த எண்களைச் சேர்த்து, சோதித்து, ஒழுங்குபடுத்தும் பிரிவின் பொறுப்பாளர் செய்யும் வேலை பற்றியும், அதில் எமக்குள்ள உரிமை பற்றியும் இங்கே பார்க்கலாம்.

யார் தயாரிக்கிறார்கள்?

நோர்த்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தின் உள்ளூராட்சிச் சட்டப்படி, திட்ட வரைவைத் தயாரிப்பவர் நகரத்தின் நிதிப் பொறுப்பாளரான ‘கெமெரர்’. நகரபிதா அதை உறுதிப்படுத்தி நகரசபைக்கு அனுப்புவார். நிறைவேற்றும் அதிகாரம் மக்கள் தெரிவுசெய்த சபைக்கு மட்டுமே உண்டு. கெமெரரின் கீழ் இயங்கும் நிதித் திணைக்களமே ‘ஸ்டட்கெமெரை’. பாடசாலை, இளையோர், வீதி, கலாசாரம் என ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய பணத்தை இங்கே விண்ணப்பிக்கிறது.

வரவுசெலவுப் பிரிவின் பொறுப்பாளர் பணத்தை ஒதுக்கும் முடிவை எடுப்பவர் அல்லர். எல்லாத் துறைகளையும் ஒரே அளவுகோலால் அளப்பதே அவரது கடமை. இந்தச் செலவைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா? போன வருடம் கொடுத்த பணம் முழுவதும் செலவானதா? இன்று ஒரு தடவை கட்டுவது நாளை வருடாவருடம் எவ்வளவு கேட்கும்? இவற்றைத் தன் பிரிவு அலுவலர்கள் கேட்கிறார்களா என்று பார்ப்பதும், கிடைத்த பதிலைச் சபை உறுப்பினருக்கு விளங்கும் வகையில் எழுதிக் கொடுப்பதும் அவர் வேலை.

கணக்கு எப்படி எழுதப்படுகிறது?

இம்மாநிலத்தின் நகரங்கள் முன்னர் வந்த பணத்தையும் போன பணத்தையும் மட்டுமே எழுதின. 2005 இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 2009 க்குள் எல்லா நகரங்களும் வணிக நிறுவனங்களைப் போன்ற இரட்டைப் பதிவுக் கணக்குக்கு மாறவேண்டும் என்றது. ஒரு எடுத்துக்காட்டு: 50 மில்லியன் யூரோவில் 50 வருடம் நிற்கக்கூடிய பாடசாலை ஒன்று கட்டப்பட்டால், பணம் கட்டும் காலத்திலேயே போய்விடும். ஆனால் கட்டடத்தின் தேய்மானமாக வருடம் 1 மில்லியன் யூரோ அடுத்த 50 வருடமும் செலவுக் கணக்கில் ஏறும். இன்றைய தலைமுறை எவ்வளவை அனுபவித்து முடிக்கிறது என்பதை இது மறைக்காமல் காட்டுகிறது.

செலவுகள் இரண்டு வகைப்படும். முதலாவது சட்டக் கடமை. ஒரு வயது நிறைந்த பிள்ளைக்குப் பராமரிப்பு இடம் கேட்கும் உரிமை 2013 ஓகஸ்ட் 1 முதல் யேர்மனி முழுவதும் இருக்கிறது. பணம் இல்லை என்று நகரம் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. இரண்டாவது நகரம் விரும்பிச் செய்யும் செலவு. அரங்கம், அருங்காட்சியகம், சங்கங்களுக்கான உதவி ஆகியவை இதில் அடங்கும். வருமானம் குறையும்போது கத்தி முதலில் விழுவது இங்கேதான். எமது சங்கங்கள் கேட்கும் உதவிகளும் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

வருமானத்தில் அதிகம் ஏறி இறங்குவது தொழில் வரி. பெரிய நிறுவனங்களின் இலாபம் சரிந்தால் நகரத்தின் வருமானமும் சரியும். ஆண்டு இலாபம் 24,500 யூரோவைத் தாண்டாத தனிநபர் கடைகளுக்கு இவ்வரி இல்லை.

2007 தந்த பாடம்

2007 இல், நகரபிதா யோவாகிம் எர்வின் காலத்தில், டுசல்டோர்ஃப் தன்னைக் கடனற்ற நகரம் என்று அறிவித்தது. மின்சார, எரிவாயு நிறுவனங்களில் நகரத்துக்கு இருந்த பங்குகளை விற்ற பணம் அதற்குப் பெரிதும் உதவியது. கடன் போனால் வட்டியும் போகும். ஆனால் விற்ற பங்கு இனி இலாபம் தராது, அதை இன்னொரு தடவை விற்கவும் முடியாது. காணியை விற்றுக் கடன் அடைத்த குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. இந்த இரண்டு பக்கத்தையும் சபையின் முன் வைப்பதே நல்ல பொறுப்பாளரின் நேர்மை.

எமது பிள்ளைகளுக்கு

1956 இன் தனிச் சிங்களச் சட்டம் எமது பெற்றோருக்கு அரச உத்தியோகத்தின் கதவை அடைத்தது. இங்கும் மொழிதான் வாசல். ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் அந்த மொழி இருக்கிறது. மருத்துவம், பொறியியல் என்று மட்டும் யோசிக்கும் பெற்றோர் இதையும் அறிந்திருப்பது நல்லது. கெல்சன்கிர்ஷனைத் தலைமையிடமாகக் கொண்ட காவல்துறை, பொது நிர்வாக உயர்கல்லூரியில் 3 வருடப் படிப்பு உண்டு. படிக்கும் காலத்திலேயே நகரமோ மாநிலமோ கொடுப்பனவு தருகிறது. கணக்கு வேலையில் பல வருட அனுபவம் பெற்ற பின்னரே பிரிவுப் பொறுப்பு வரும். டுசல்டோர்ஃப் மாநிலத் தலைநகரும் என்பதால், மாநில நிதி அமைச்சும் மாநிலக் கணக்காய்வு மன்றமும் இதே நகரத்தில் இருக்கின்றன.

நிரந்தர அரச அலுவலராகப் பொதுவாக யேர்மன் அல்லது ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை வேண்டும். ஒப்பந்த ஊழியராகச் சேர அந்த நிபந்தனை இல்லை. 2024 யூன் 27 முதல் யேர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. விண்ணப்பிக்கத் தேவையான வதிவுக் காலம் பொதுவாக 5 வருடம்.

14 நாட்கள்

குடியுரிமை எடுக்காத மூத்தவர்கள் பலர் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. ஆனால் வரவுசெலவு வரைவு வெளியிடப்பட்டதும், குறைந்தது 14 நாட்கள் அதற்கு எதிராக ஆட்சேபணை தெரிவிக்கலாம் என்று உள்ளூராட்சிச் சட்டத்தின் 80ஆவது பிரிவு சொல்கிறது. இந்த உரிமையை அது ‘குடிமக்களுக்கு’ என்று சுருக்கவில்லை. ‘வசிப்பவர்களுக்கும்’ வரி, கட்டணம் செலுத்துவோருக்கும் என்று எழுதியிருக்கிறது. வந்த ஆட்சேபணைகள் பற்றி நகரசபை பகிரங்க அமர்விலேயே தீர்மானிக்க வேண்டும்.

எழுதும்போது விலாசத்தைச் சரியாகப் பார்க்கவேண்டும். ஆசிரியர் பற்றாக்குறை மாநிலத்தின் கணக்கு. பாடசாலைக் கட்டடம் நகரத்தின் கணக்கு. “எங்களுக்கும் உதவுங்கள்” என்ற பொதுவான கடிதத்தை அந்தப் பிரிவில் இருப்பவரால் எதனோடும் ஒப்பிட முடியாது. எந்தப் பாடசாலை, எந்தத் திட்டம், எவ்வளவு தொகை, எந்த வருடம் என்று நாலு வரி எழுதினால், அதற்கு யாரோ ஒருவர் பதில் எழுதியே ஆகவேண்டும்.

அடுத்த வரைவு வெளியாகும்போது, வீட்டில் யேர்மன் நன்றாக வாசிக்கும் பிள்ளையை அருகில் இருத்தி, உங்கள் பகுதிப் பாடசாலையின் பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள்.