ஒரு கடிதமும் ஒரு தோழியும்: சட்டத்துக்குப் பாடம் சொன்னவர்கள்

2013ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஒரு சிறிய விளக்கம் சேர்க்கப்பட்டது. ஒரு பெண் உடலால் எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தை வைத்து, அவள் சம்மதித்தாள் என்று முடிவு கட்டக் கூடாது என்பதே அந்த விளக்கம்.

படிக்கும்போது இது யாருக்கும் தெரிந்த விஷயம் போலத்தான் தோன்றும். ஆனால் இந்த ஒரு வரி சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆயின. அதற்கு முன் நாட்டின் உச்ச நீதிமன்றமே இதற்கு நேர் மாறாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்புக்கும் இந்த விளக்கத்துக்கும் இடையில் நடந்ததெல்லாம் ஒருவகையில் கல்வியின் வரலாறுதான். சில ஆசிரியர்கள், ஒரு கிராமத்துப் பெண், ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் ஆகியோர் சேர்ந்து ஒரு நாட்டுக்கு "சம்மதம்" என்ற சொல்லின் பொருளைக் கற்றுக்கொடுத்த வரலாறு இது.

காவல் நிலையத்தில் நடந்தது

மகாராஷ்டிர மாநிலம் சந்திரபூர் மாவட்டத்தில் தேசாய்கஞ்ச் என்ற ஊர். (அப்பகுதி இன்று கட்சிரோலி மாவட்டத்தில் உள்ளது.) 1972ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் தேதி இரவு, பெற்றோரை இழந்த ஒரு பழங்குடிச் சிறுமி அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கு அழைத்து வரப்பட்டாள். வயது 14க்கும் 16க்கும் இடையில் இருக்கும். வீட்டு வேலை செய்து பிழைத்தவள். தான் வேலை பார்த்த வீட்டுக்காரரின் உறவுப் பையனை மணக்க விரும்பினாள். அவளைக் கடத்திவிட்டார்கள் என்று அவளுடைய அண்ணன் புகார் கொடுத்திருந்தார்.

விசாரணை முடிந்து எல்லோரும் கிளம்பும்போது அவளை மட்டும் இருக்கச் சொன்னார்கள். உறவினர்கள் வெளியே காத்திருந்தார்கள். உள்ளே கதவு சாத்தப்பட்டது, விளக்கு அணைக்கப்பட்டது. ஒரு காவலர் அவளை வல்லுறவு செய்தார், மற்றொருவர் அவளிடம் தகாத முறையில் நடந்துகொண்டார். வெளியே கூட்டம் கூடி நியாயம் கேட்ட பிறகே புகார் பதிவாயிற்று.

சட்ட நூல்கள் இதை "மதுரா வழக்கு" என்று குறிப்பிடுகின்றன. மூன்று நீதிமன்றங்கள் இதை விசாரித்து, ஒன்றுக்கொன்று முரணாகத் தீர்ப்பளித்தன.

1974இல் அமர்வு நீதிமன்றம் இரு காவலர்களையும் விடுவித்தது. அந்தப் பெண் ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவள் என்றும் பொய் சொல்பவள் என்றும் அந்தத் தீர்ப்பு கருதியது.

மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை இதை மாற்றியது. பயத்தால் பணிந்து போவது வேறு, விரும்பிச் சம்மதிப்பது வேறு என்று அது தெளிவாகச் சொன்னது. ஒருவருக்கு 5 ஆண்டும் மற்றவருக்கு 1 ஆண்டும் சிறைத் தண்டனை கிடைத்தது.

1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இருவரையும் விடுவித்தது. உடலில் காயம் இல்லை, அவள் கூச்சல் போடவில்லை, எனவே எதிர்ப்பு இருந்திருக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் தர்க்கம்.

நான்கு ஆசிரியர்கள் எழுதிய கடிதம்

தீர்ப்பு வந்து ஓர் ஆண்டு வரை பெரிய சலசலப்பு எதுவும் இல்லை. சட்ட இதழ்களில் அச்சாகும் பல நூறு தீர்ப்புகளில் ஒன்றாகவே அதுவும் கிடந்தது.

1979ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி, நான்கு பேர் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். உபேந்திர பக்சி, லோத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் ஆகிய அந்த நால்வருமே சட்டம் கற்பிக்கும் ஆசிரியர்கள். இவர்களில் லோத்திகா சர்க்கார், இந்தியப் பெண்களின் நிலையை ஆராய்ந்து 1974இல் அறிக்கை அளித்த குழுவிலும் இடம் பெற்றிருந்தவர்.

அவர்கள் எழுப்பிய கேள்விகள் மிக எளிமையானவை. நள்ளிரவு நேரத்தில், காவல் நிலையத்துக்குள், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நிற்கும் ஒரு ஏழைச் சிறுமி கத்திக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அப்படிக் கத்தினாலும் யாரிடம் முறையிடுவாள்? முறையிட வேண்டிய இடமே அதுதானே? பணிந்து போனதாலேயே அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஏழையாகவும் படிக்காதவளாகவும் இருக்கும் பெண்ணுக்கு அரசியல் சாசனத்தின் பாதுகாப்பு கிடையாதா?

இன்றைக்கு நீதிமன்றத் தீர்ப்பை யார் வேண்டுமானாலும் விமர்சித்து எழுதிவிட முடிகிறது. அன்றைக்கு உச்ச நீதிமன்றத்தை நோக்கிப் பேராசிரியர்கள் இப்படிக் கேள்வி கேட்டது துணிச்சலான காரியம்.

கடிதம் பத்திரிகைகள் வழியாக வெளியே வந்தது. 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மும்பையில் பெண்கள் கூடி, வல்லுறவுக்கு எதிரான ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அவ்வாண்டு மார்ச் 8, மகளிர் தினத்தன்று, மும்பை, டெல்லி உள்ளிட்ட நகரங்களில் பெண்கள் வழக்கை மறுபடி விசாரிக்கக் கோரி ஊர்வலம் போனார்கள். துண்டுப் பிரசுரங்களும் தெரு நாடகங்களும் தெருமுனைக் கூட்டங்களும் நடந்தன. அதுவரை வாய்விட்டுப் பேசக் கூசிய ஒரு விஷயம் பேருந்து நிறுத்தத்திலும் கல்லூரி வாசலிலும் பேசப்பட்டது.

வழக்கு மறு விசாரணைக்கு எடுக்கப்படவில்லை. ஆனால் 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வல்லுறவு தனிக் குற்றமாக்கப்பட்டது. அப்படிப்பட்ட வழக்கில் உடலுறவு நடந்தது நிரூபிக்கப்பட்டு, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டம் மாறியது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது குற்றமானது. மூடிய அறையில் விசாரணை நடத்தவும் வழி பிறந்தது.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. பெண்ணின் "நடத்தை" கெட்டது என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்க அனுமதித்த பிரிவு சாட்சியச் சட்டத்தில் அப்படியே இருந்தது. அது நீக்கப்பட இன்னும் 20 ஆண்டுகள் ஆயின.

பட்டேரி கிராமத்துத் தோழி

அடுத்த பெரிய மாற்றம் வந்தது ராஜஸ்தானின் ஒரு கிராமத்திலிருந்து.

1984இல் ராஜஸ்தான் அரசு பெண்கள் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கிராமத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, மற்றப் பெண்களுக்கு வழிகாட்ட வைப்பதே திட்டம். அப்பணியாளருக்கு "சாத்தின்" என்று பெயர். தோழி என்று பொருள்.

ஜெய்ப்பூருக்கு அருகில் உள்ள பட்டேரி கிராமத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி 1985இல் சாத்தின் ஆனார். குயவர் குலத்தைச் சேர்ந்தவர். சிறு வயதிலேயே மணம் முடிக்கப்பட்டவர். தண்ணீர், எழுத்தறிவு, சுகாதாரம், ரேஷன், குறைந்தபட்சக் கூலி என்று பல விஷயங்களுக்காக ஊரில் வேலை செய்தார். 1987இல் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்திக்கு நேர்ந்த வல்லுறவு முயற்சியை அவர் எதிர்த்தபோது ஊராரும் அவர் பக்கம் நின்றார்கள்.

குழந்தைத் திருமணத்தை எதிர்த்தபோதுதான் நிலைமை மாறியது. 1992இல் அட்சய திருதியையை ஒட்டி அரசே குழந்தைத் திருமண எதிர்ப்புப் பிரசாரம் நடத்தியது. ஊரின் செல்வாக்கான சாதியைச் சேர்ந்த ஒரு வீட்டில் ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தைக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. பன்வாரி தேவி அதைத் தடுக்க முயன்றார். போலீசும் வந்து போனது. திருமணம் நடந்தேவிட்டது. ஆனால் கோபம் முழுவதும் பன்வாரியின் மேல் விழுந்தது. ஊர் அவர் குடும்பத்தை ஒதுக்கி வைத்தது. அவர்கள் செய்த பானைகளை வாங்க ஆள் இல்லை.

1992 செப்டம்பர் 22ஆம் தேதி, வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவருடைய கணவரை அடித்துப் போட்டுவிட்டு, தன்னைக் கூட்டு வல்லுறவு செய்தார்கள் என்று அவர் புகார் கொடுத்தார். மருத்துவப் பரிசோதனை நடக்கவே 52 மணி நேரம் ஆயிற்று. சாட்சியத்துக்காக அவர் உடுத்தியிருந்த பாவாடையைக் காவல் நிலையத்தில் விட்டுச் செல்லச் சொன்னார்கள். கணவரின் தலைப்பாகைத் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் திரும்ப வேண்டியிருந்தது.

1995 நவம்பரில் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. உயர்ந்த சாதி ஆண்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொட மாட்டார்கள் என்ற போக்கில் அமைந்த அந்தத் தீர்ப்பு நாடு முழுவதும் கண்டனத்துக்கு உள்ளானது.

இங்கே பெண்கள் அமைப்புகள் வேறொரு கேள்வியைக் கேட்டன. பன்வாரி தேவிக்கு இந்தக் கொடுமை நேர்ந்தது அரசு கொடுத்த வேலையைச் செய்ததற்காக. அப்படியானால் வேலைக்குப் போகும் பெண்ணின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? "விசாகா" என்ற பெயரில் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கலானது. 1997 ஆகஸ்ட் 13ஆம் தேதி நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. பாலியல் தொல்லை என்றால் என்ன என்பதை அத்தீர்ப்பு வரையறுத்தது. ஒவ்வொரு பணியிடத்திலும் பெண் தலைமையில் புகார்க் குழு வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், பெண் ஊழியர்களுக்கு அவர்கள் உரிமைகளைத் தெரியப்படுத்த வேண்டும் என்று அது கட்டளையிட்டது. நாடாளுமன்றம் இதற்குத் தனிச் சட்டம் இயற்ற மேலும் 16 ஆண்டுகள் ஆயின. 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது.

29 நாட்களில் ஓர் அறிக்கை

2012 டிசம்பர் 16ஆம் தேதி டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமையை எல்லோரும் அறிவர். அதன் பிறகு அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அதே ஜே.எஸ்.வர்மாதான். லீலா சேத், கோபால் சுப்ரமணியம் ஆகியோர் உடன் இருந்தனர். பொதுமக்களிடமிருந்து சுமார் 80,000 கருத்துகள் குவிந்தன. அவற்றையெல்லாம் பரிசீலித்து 29 நாட்களில் அறிக்கை தயாரானது.

அந்த அறிக்கை தண்டனைகளோடு நிற்கவில்லை. கல்விக்கும் மனப்போக்கு மாற்றத்துக்கும் தனி அத்தியாயமே ஒதுக்கியது. 2013இல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தில், சம்மதம் என்பது சொல்லாலோ செய்கையாலோ ஐயத்துக்கு இடமில்லாமல் விரும்பித் தெரிவிக்கும் உடன்பாடு என்று வரையறை வந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த விளக்கமும் அதில்தான் சேர்ந்தது. 1979இல் நான்கு ஆசிரியர்கள் கேட்ட கேள்விக்கு 2013இல் சட்டம் பதில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விளக்கம் தொடர்கிறது.

சொல்லும் மாறியது

இந்த மாற்றத்தைத் தமிழிலும் காணலாம். நம் செய்தித்தாள்கள் நீண்ட காலம் இக்குற்றத்துக்குப் பயன்படுத்திய சொல் "கற்பழிப்பு". குற்றம் செய்தவன் ஒருவன், ஆனால் எதையோ இழந்தவளாகக் காட்டப்படுபவள் பெண். பெண்ணியவாதிகளும் எழுத்தாளர்களும் தொடர்ந்து இதைச் சுட்டிக்காட்டியதால் இன்று பாலியல் வல்லுறவு, பாலியல் வன்கொடுமை ஆகிய சொற்கள் பரவலாக வழங்குகின்றன. இவை வன்முறையை வன்முறை என்று சொல்கின்றன. அவமானம் செய்தவனுக்கு உரியதே தவிர அனுபவித்தவளுக்கு அல்ல என்று ஒரு சமூகம் கற்றுக்கொள்வது இப்படிச் சொல் சொல்லாகத்தான்.

மிச்சம் இருக்கும் பாடம்

இந்த இரண்டு வழக்குகளும் கோடிக்கணக்கான பெண்களுக்குப் பாதுகாப்பைப் பெற்றுத் தந்தன. ஆனால் அந்த இரண்டு பெண்களுக்கு நீதி கிடைக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. தேசாய்கஞ்ச் காவலர்கள் விடுதலையானதோடு அந்த வழக்கு முடிந்தது. பன்வாரி தேவியின் வழக்கில் மேல்முறையீடு 2007 வரை ஒரே ஒரு முறைதான் விசாரணைக்கு வந்தது. அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் இருவர் இறந்து போனார்கள்.

சட்டம் குற்றம் நடந்த பிறகே வருகிறது. நடக்கும் முன் தடுக்கக் கல்விதான் வேண்டும். அதைச் சட்டங்களே இப்போது ஒப்புக்கொள்கின்றன. 2013ஆம் ஆண்டுப் பணியிடச் சட்டம் விழிப்புணர்வுப் பயிற்சி நடத்துவதை முதலாளியின் கடமையாக்கியுள்ளது. குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், வயதுக்கேற்ற பாதுகாப்புப் பாடங்களைத் தயாரிக்கச் சொல்கின்றன. பள்ளிகளில் சொல்லித் தரப்படும் "நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" அதன் முதல் படி. அடுத்த படி, ஆண் பிள்ளைகளுக்குச் சம்மதம் என்றால் என்ன என்று சொல்லித் தருவது. "நீ ஜாக்கிரதையாக இரு" என்று பெண் பிள்ளையிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் பாதிப் பாடம்தான் நடக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகாராக இருந்தால் மாணவர் பிரதிநிதிகளும் குழுவில் இடம் பெற வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. குழு உறுப்பினர்களின் பெயர்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் இருக்கின்றனவா என்று நாளைக்கே ஒவ்வொரு மாணவரும் பார்க்கலாம். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்டு ஒரு கடிதம் எழுதலாம். 1979இலும் எல்லாம் ஒரு கடிதத்தில்தானே தொடங்கியது!