குத்துச்சண்டையும் கலப்புப் போர்க்கலையும்: வரலாறு காட்டும் வழி

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையில், மகாவலி கங்கைக்கு மேற்கே, வில்கமுவ என்னும் வேளாண் பிரதேசம் அமைந்துள்ளது. அதனை அடுத்துப் பரந்து கிடப்பது 1984ஆம் ஆண்டிற் பிரகடனஞ் செய்யப்பெற்ற வஸ்கமுவ தேசியப் பூங்கா. அக்காட்டினுள் யுதகனாபிட்டிய என வழங்கும் வெளியொன்று உண்டு. எல்லாளன் படையும் துட்டகைமுனுவின் படையும் பொருத களம் அதுவே என்பது அங்குச் செவிவழி வந்த செய்தி. மன்னர் இருவரும் இறுதியில் நேருக்கு நேர் நின்று பொருதமை அனுராதபுரத்தின் தென்வாயிலருகே என மகாவம்சம் கூறும். எல்லாளனைத் தானன்றிப் பிறர் எவரும் கொல்லலாகாது எனத் துட்டகைமுனு பறையறைவித்தான் என்றும், எல்லாளன் வீழ்ந்த பின்னர் அவனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பி வழிபாடு இயற்றுவித்தான் என்றும், பின்வந்த மன்னரும் அவ்விடத்தை அணுகியபோது தம் வாத்தியங்களை நிறுத்தினர் என்றும் அந்நூல் உரைக்கின்றது. உயிரைக் கொள்ளும் போரிலுங்கூட மனிதன் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டான் என்பது இதனாற் புலனாகும்.

போர்க்களத்தை விட்டு ஆடரங்கிற் புகுந்த தனிச்சண்டை இன்று இரு பெரும் வடிவங்களிற் காணப்படுகின்றது. ஒன்று, கையுறை அணிந்த கைகளால் மாத்திரம், இடைக்கு மேலே மாத்திரம் அடிக்க இடந்தரும் குத்துச்சண்டை. மற்றொன்று, குத்துதல், உதைத்தல், பற்றி வீழ்த்துதல், நிலத்திற் கிடந்தவாறே மூட்டை மடக்குதல் ஆகிய அனைத்தையும் ஏற்கும் கலப்புப் போர்க்கலை. எம். எம். ஏ. என இளைஞர் சுருக்கி வழங்குவது இதனையே. இவற்றுள் எது வருங்காலத்தில் மக்கள் மனத்தைக் கவர்ந்து நிலைக்கும் என்னும் வினா இன்று பல நாடுகளிலும் எழுந்துள்ளது. இளைஞர் கூட்டம் புதியதை நோக்கிச் செல்கின்றது என்பாரும், பழையது ஒருபோதும் அழியாது என்பாரும் உளர். இரு சாராரும் இன்றைய ஆரவாரத்தையே அளவுகோலாகக் கொள்கின்றனர். இவ்விரு கலைகளும் கடந்து வந்த பாதையை ஆராயின், விடை வேறோரிடத்திற் கிடத்தல் காணலாம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். கலப்புச் சண்டை புதிது, குத்துச்சண்டை பழைது என்பது பலர் கொண்டுள்ள கருத்து. பண்டைக் கிரேக்கர் தம் ஒலிம்பிக் விழாவிற் குத்துச்சண்டையைக் கி. மு. 688இல் சேர்த்தனர் என்பது மரபு. அதன்பின் 40 ஆண்டுகள் கழித்து, கி. மு. 648இல், பங்கிராற்றியன் என்னும் சண்டையும் அவ்விழாவில் இடம்பெற்றது. முழுவலியும் காட்டுதல் என்னும் பொருள்தரும் அப்பெயருக்கேற்பக் குத்து, உதை, பிடி, மடக்கு யாவும் அதில் அடங்கின. கடித்தலும் கண்ணைத் தோண்டுதலுமே விலக்கப்பட்டிருந்தன. எனவே இன்று எதிரெதிரே நிற்கும் இரு கலைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே அரங்கில் வளர்ந்த உடன்பிறப்புகள் எனலாம்.

தமிழர் தொன்மையிலும் இத்தகைய கலப்புச் சண்டையே காணப்படுகின்றது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழ இளவல் ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றிற் பாடியுள்ளார். ஒரு முழங்காலை மார்பில் ஊன்றி, மற்றக் காலால் முதுகை வளைத்து எதிரியின் சூழ்ச்சியைத் தடுத்த அக்காட்சி, இன்றைய கலப்புப் போர்க்கலை அரங்கிற் காணப்படும் நிலத்துப்பிடியை ஒத்திருத்தல் வியப்பைத் தரும். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பட்டத்தைப் பெருமையோடு தரித்தான். இதிகாசத்தை நோக்கின், கதாயுத்தத்தில் இடைக்குக் கீழே அடித்தல் ஆகாது என்பது விதி. அவ்விதியை மீறித் துரியோதனனின் தொடையை வீமன் முறித்தபோது, இருவருக்கும் ஆசிரியனாகிய பலராமன் கலப்பையை ஓங்கி எழுந்தான். வென்றவன் யார் என்பதிலும் எவ்வாறு வென்றான் என்பதே ஆசிரியனுக்குப் பெரிதாகத் தோன்றியது.

இனி, ஆங்கில நாட்டுக் குத்துச்சண்டையின் வளர்ச்சி நோக்கற்பாலது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கு நடைபெற்றது வெறுங்கைச் சண்டையாகும். 1743இல் ஜாக் புறோட்டன் என்பவர் வகுத்த விதிகள், வீழ்ந்து கிடப்பவனை அடித்தலையும் இடைக்குக் கீழே பற்றுதலையும் தடைசெய்தன. இடைக்கு மேலே பற்றி எறிதலுக்கோ தடை இருக்கவில்லை. ஆகவே அக்காலக் குத்துச்சண்டையும் ஒருவகைக் கலப்புச் சண்டையே. 1867இல் வெளியான குயின்ஸ்பெரி விதிகளே மற்பிடியை முற்றாக விலக்கின. கையுறை, மூன்று நிமிடச் சுற்று, வீழ்ந்தவன் எழுவதற்குப் பத்து வினாடி அவகாசம் ஆகியன அவ்விதிகளால் நிலைபெற்றன. பலவற்றைத் துறந்து ஒன்றில் மாத்திரம் தேர்ச்சி பெற்றமையாலேயே, அது கல்லூரிகளும் படைப்பிரிவுகளும் ஏற்கத்தக்க விளையாட்டாயிற்று. 1904இல் நவீன ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது.

அவ்வாறு சீர்பெற்ற குத்துச்சண்டை இலங்கைக்கு வந்தபோது, இங்கும் பழமையான ஒரு போர்க்கலை இருந்தது. அங்கம்பொர எனச் சிங்களத்தில் வழங்கும் அக்கலை, வெறுங்கைச் சண்டையாகிய அங்கம், ஆயுதப் பயிற்சியாகிய இலங்கம் என்னும் பிரிவுகளை உடையது. மருவல்லிய, சுதாலிய என்னும் இரு குருமரபுகள் அதிற் பேசப்படுகின்றன. கதிர்காமத் தெய்வத்துக்குரியதான எம்பெக்க தேவாலயத்தின் மரத்தூண்களிற் செதுக்கப்பட்டுள்ள மல்லர் உருவங்கள், கண்டிப் பகுதியில் மற்போர் பெற்றிருந்த மதிப்பை இன்றும் உணர்த்தி நிற்கின்றன. 1818ஆம் ஆண்டு ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கில ஆட்சியினர் அங்கம்பொரவைத் தடைசெய்தனர் என்பது அக்கலை மரபினர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. அதன்பின் அக்கலை சில குடும்பங்களுக்குள் ஒளிந்து வாழ்ந்தது. 2019ஆம் ஆண்டில் அரசு அத்தடையை முறைப்படி நீக்கிற்று. இரு நூற்றாண்டுகள் பொதுவெளியில் ஆசிரியரும் மாணவரும் இன்றிக் கிடந்த கலைக்கு, தடைநீக்கம் மாத்திரமே புத்துயிர் அளித்தல் அரிது.

இதற்கு நேர்மாறானது இலங்கையிற் குத்துச்சண்டை பெற்ற நல்லூழ். குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த ரெஜினல்ட் எட்வேர்ட் ஸ்ரப்ஸ் என்பாரின் பெயரால் 1914ஆம் ஆண்டிற் பாடசாலைகளுக்கிடையே கேடயப் போட்டி தொடங்கப்பெற்றது. கொழும்பு, கண்டி நகர்க் கல்லூரிகள் அதனைப் பெருமைக்குரிய பரிசாகப் போற்றின. ஒரு கேடயமும், ஆண்டுதோறும் தவறாத ஒரு போட்டியும், பயிற்றுவோர் சிலரும் இருந்தமை ஒரு தலைமுறைக்குள்ளே பயன் தந்தது. 1938இல் சிட்னி நகரில் நடைபெற்ற பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில், இறகு எடைப் பிரிவிற் பார்னி ஹென்றிக்கஸ் இலங்கைக்குப் பொற்பதக்கம் ஈட்டினார். 1948இல் இலங்கை முதன்முறையாக இலண்டன் ஒலிம்பிக்கிற் பங்குகொண்டபோது, அல்பேட் பெரேரா, அலெக்ஸ் ஒபயசேகர, லெஸ்லி ஹந்துன்கே, எட்வேர்ட் கிறே ஆகிய குத்துச்சண்டை வீரர் நால்வர் அக்குழுவில் இடம்பெற்றனர். நாட்டின் கலை மறைந்து வேற்றுநாட்டுக் கலை வேரூன்றியதற்கு, பின்னதன் வலிமை மிகுதி காரணமன்று. ஒன்று பாடசாலை முற்றத்தை இழந்தது. மற்றது அதனைப் பெற்றது.

தமிழகத்தின் சென்னை நகரமும் இவ்வுண்மைக்குச் சான்று பகரும். வடசென்னைத் தொழிலாளர் குடியிருப்புகளில் ஆங்கிலக் குத்துச்சண்டை என்னும் பெயரோடு இக்கலை ஊன்றியது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை எனக் குருவழிக் குழுக்கள் தோன்றின. துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்த மக்கள், தம் பரம்பரை வீரனின் வெற்றியைத் தம் வெற்றியாகக் கொண்டாடினர். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸ் என்பவருடன் காட்சிப் போட்டி நிகழ்த்தியபோது மக்கள் பெருந்திரளாய்க் கூடினர். ஆயின் அந்தப் பரம்பரைகளின் பழைய ஒளி படிப்படியே மங்கிற்று. 2021இல் வெளியான சார்பட்டா பரம்பரை என்னும் திரைப்படமே புதிய தலைமுறைக்கு அவற்றை நினைவூட்டிற்று. ஒரு மாபெரும் வீரனைக் கண்டு மகிழ்ந்த கூட்டம், அக்கலையைத் தொடர்ந்து பயிலும் கூட்டமாக மாறிவிடுவதில்லை.

கலப்புப் போர்க்கலையின் அண்மைக்கால வரலாறு இதனினும் தெளிவானது. 1976இல் தோக்கியோ நகரில் முகமது அலியும் யப்பானிய மல்லர் அன்ரோனியோ இனோக்கியும் மோதினர். இனோக்கி பெரும்பாலும் தரையிற் கிடந்தவாறே அலியின் கால்களை உதைத்தார். 15 சுற்றுகளும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. இரு வேறு கலைஞரை ஓரரங்கில் நிறுத்தினும், இருவர்க்கும் பொதுவான ஒழுங்கு இன்றேல் சண்டை சிறவாது என்பதற்கு அது சான்றாயிற்று.

1993 நவம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் நகரில் யூ. எவ். சி. என்னும் போட்டி முதன்முறையாக நடைபெற்றது. எடைப்பிரிவு இல்லை, சுற்று எண்ணிக்கை இல்லை, விலக்கப்பட்ட செயல்கள் மிகச் சிலவே. பிறேசில் நாட்டு ரொய்ஸ் கிறேசி தம்மினும் பருத்தவர்களைப் பற்றி மடக்கி வென்றமை உலகை வியப்பில் ஆழ்த்திற்று. எனினும் 1996இல் அமெரிக்க மேலவை உறுப்பினர் ஜோன் மக்கெயின் அதனை மனிதச் சேவற்போர் எனக் கண்டித்து எழுந்தார். மாநிலங்கள் பல அதனைத் தடைசெய்தன. அழியும் நிலையுற்ற அப்போட்டியை மீட்டது, அது பிற்காலத்தில் ஏற்றுக்கொண்ட ஒழுங்கேயாகும். எடைப்பிரிவும் கையுறையும் நடுவர் அதிகாரமும் விலக்கப்பட்ட செயல்களின் நீண்ட பட்டியலும் வந்தன. 2000ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநிலம் அதற்கு இசைவளித்தது. 2001இல் 20 இலட்சம் டொலருக்குக் கைமாறிய அந்நிறுவனம் 2016இல் ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு விற்பனையாயிற்று. அதே ஆண்டில் நியூ யோர்க் மாநிலமும் தன் தடையை நீக்கிற்று. குயின்ஸ்பெரி விதிகள் குத்துச்சண்டைக்குச் செய்த உதவியைப் புதிய விதிகள் இதற்குச் செய்தன.

பணப்பெருக்கமும் திரைவழிப் புகழும் ஒரு பக்கம் இருக்க, குத்துச்சண்டை தன் தவறுகளாலே நலிவுற்றமையையும் மறைத்தற்கில்லை. அதன் உலக நிர்வாகச் சங்கத்தைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2019இல் இடைநிறுத்தி, 2023இல் அங்கீகாரத்தை முற்றாக மீட்டுக்கொண்டது. புதியதொரு சங்கம் 2025இல் தற்காலிக அங்கீகாரம் பெற்ற பின்னரே 2028ஆம் ஆண்டின் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிற் குத்துச்சண்டையின் இடம் உறுதியாயிற்று. கலப்புப் போர்க்கலையோ இன்னும் ஒலிம்பிக்கிற் புகவில்லை. ஆயினும் 2026ஆம் ஆண்டுக்குரிய அய்ச்சி நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டித் திட்டத்தில் அதற்கு இடம் அளிக்கப்பட்டது.

இவற்றினும் பெரிதாக எண்ணவேண்டியது உடற்கேடு. குத்துச்சண்டையாளரின் மூளைக்கு நேரும் சிதைவை அமெரிக்க மருத்துவர் ஹரிசன் மாட்லண்ட் 1928லேயே எடுத்துக்காட்டினார். 1982இல் கொரிய வீரர் டுக் கூ கிம் பதினான்காம் சுற்றில் வீழ்ந்து சில நாட்களில் உயிர் நீத்தார். அதன் விளைவாக உலகப் பட்டப் போட்டிகளின் 15 சுற்றுகள் 12 ஆகக் குறைக்கப்பட்டன. கலப்புப் போர்க்கலையிலும் தலைக்கு அடி விழுதல் உண்டு. ஒரு கலையைப் பழித்து மற்றதைப் புகழ்வோர், இரண்டுக்கும் பொதுவான இக்கேட்டை மறந்துவிடுகின்றனர்.

ஆகவே, வருங்காலத்தைப் பற்றிய வினாவை இரண்டாகப் பகுத்து நோக்குதல் தகும். காண்போர் தொகை எதற்கு மிகும் என்பது ஒன்று. பயில்வோர் தொகை எதற்கு நிலைக்கும் என்பது மற்றொன்று. முன்னதிற் கலப்புப் போர்க்கலை விரைந்து முன்னேறுதல் வெளிப்படை. கைத்தொலைபேசித் திரையிற் சில நிமிடங்களில் முடியும் சண்டையை இக்கால இளைஞர் விரும்புகின்றனர். 2017இல் அக்கலையின் பெருவீரர் கொனர் மக்கிறெகர் குத்துச்சண்டை விதிகளின்படி புளோயிட் மேவெதரை எதிர்த்துப் பத்தாம் சுற்றில் தோற்றார். ஆயினும் அத்தோல்வியால் அக்கலையின் புகழ் குன்றவில்லை. பின்னதிலோ, ஒரு நூற்றாண்டாகப் பாடசாலையையும் கேடயத்தையும் நடுவரையும் உடைய குத்துச்சண்டைக்கே இலங்கையில் இன்னும் மேன்மை உண்டு. அம்மேன்மை அதற்கு என்றென்றைக்கும் எழுதி வைக்கப்பட்டதன்று. நிர்வாகம் சீர்கெட்டு, பயிற்றுவோர் குறைந்து, தலைக்காப்பும் மருத்துவச் சோதனையும் புறக்கணிக்கப்படின், அங்கம்பொரவுக்கு நேர்ந்தது நாளை இதற்கும் நேரலாம்.

வில்கமுவ போன்ற தொலைவுப் பிரதேசங்களின் சிறுவர் இன்று இவ்விரு கலைகளையும் திரையிலே கண்டு அறிகின்றனர். திரை அவர்க்கு அடியையும் வீழ்ச்சியையும் காட்டும். அடிக்கலாகாத இடம் எது, நிறுத்தவேண்டிய கணம் எது, தோற்றவனிடம் நடந்துகொள்ளும் முறை எது என்பவற்றை ஆசிரியனே கற்பித்தல் வேண்டும். அத்தகைய ஆசிரியனை எக்கலை முதலில் அவ்வூர்ப் பாடசாலைக்கு அனுப்புகின்றதோ, அக்கலையையே அச்சிறுவர் தமதெனக் கொள்வர். அதுவரையில் இரண்டும் அவர்க்கு வேடிக்கையாகவே இருக்கும்.