நடிகர்களை முதலில் உருவாக்கிய படம்

பாவ்லோ லின்ஸ் 1997இல் எழுதிய 'சிட்டி ஆஃப் காட்' நாவலைப் படித்த ஃபெர்னாண்டோ மெய்ரெல்லெஸுக்கு அதைப் படமாக்கும் ஆசை வந்துவிட்டது. அவர் சாவோ பாவ்லோக்காரர், விளம்பரப் படங்களில் பேர் வாங்கியவர். கதை நடக்கும் இடமோ ரியோ டி ஜெனீரோவின் ஓரத்தில், வீடிழந்த ஏழைகளை 1960களில் கொண்டுபோய்க் குடிவைத்த, நாவலின் பெயரையே கொண்ட குடியிருப்பு. லின்ஸ் வளர்ந்தது அங்கேதான். போதைமருந்துக் கும்பல்களின் அந்தக் கதையில் வருபவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும். பலருக்கு மீசைகூட அரும்பியிருக்காது.

நடிக்க ஆள் எங்கே? பிரேசிலில் கறுப்பர்கள் கோடிக்கணக்கில் வாழ்கிறார்கள். அன்றைய தொலைக்காட்சித் தொடர்களை மட்டும் பார்த்தவர் அதை ஏதோ ஐரோப்பிய நாடு என்றே நினைத்திருப்பார். கறுப்பர் வந்தால் பெரும்பாலும் வேலைக்காரி வேடம், இல்லையென்றால் திருடன் வேடம். அப்படிப்பட்ட தொழிலில் இந்தப் படத்துக்கு வேண்டிய நடிகர்கள் எங்கிருந்து வருவார்கள்?

வழி காட்டியதில் இணை இயக்குநர் காட்டியா லுண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ரியோவின் ஃபவேலாக்களில், அதாவது ஏழைகளின் குடிசைப் பகுதிகளில், நடக்கும் போதைமருந்துப் போரைப் பற்றி 1999இல் வந்த ஆவணப்படத்தை ஜோவாவோ மொரேரா சாலெஸுடன் சேர்ந்து இயக்கியவர் அவர். அந்தச் சந்துகளில் அவருக்கு ஆள் பழக்கம் இருந்தது. விடிகல் ஃபவேலாவில் நாடகக் குழு நடத்திவந்த குட்டி ஃப்ராகாவும் சேர்ந்துகொண்டார். 2000இல் சுமார் இரண்டாயிரம் பிள்ளைகளைப் பேட்டி கண்டு, இருநூறு பேரைப் பொறுக்கி, மாதக்கணக்கில் நடிப்புப் பட்டறை நடத்தினார்கள். நண்பனுக்குத் துணையாக வந்த லியாண்ட்ரோ ஃபிர்மினோதான் படத்தின் கொடூர வில்லன் 'ஸே பெகேனோ' ஆனார்!

பிள்ளைகளிடம் வசனத் தாளைக் கொடுக்கவில்லை. சூழ்நிலையைச் சொல்லிவிடுவார்கள், பேச்சு அவர்களுடையது. அவர்கள் பேசியதிலிருந்து எடுத்துத் திரைக்கதையில் சேர்த்துக்கொண்டார்கள். சண்டைக்குப் போகுமுன் கும்பல் கூடி நின்று ஜெபம் செய்யும் காட்சி அப்படித்தான் வந்தது. அந்த வழக்கத்தை எடுத்துச் சொன்னவன், அதை நேரில் அறிந்த ஒரு பையன். எவ்வளவு படித்த எழுத்தாளராக இருந்தாலும் மேசைமுன் உட்கார்ந்து இதை எழுதியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே. திரையில் முகம் தெரிவதைவிட, கதையிலேயே தங்கள் பேச்சு இடம்பெறுவது பெரிய விஷயம்.

2002இல் படம் வந்தது, உலகம் சுற்றியது. 2004இல் நான்கு ஆஸ்கார் பரிந்துரைகள் கிடைத்தன. இயக்குநர் பிரிவில் மெய்ரெல்லெஸின் பெயர் மட்டுமே இருந்தது; லுண்டின் பெயர் இல்லை. பிள்ளைகளை அழைத்துவந்த பெண் எங்கே என்று யாரும் கேட்காமல் இல்லை.

எதிர்ப்பு அந்தக் குடியிருப்புக்குள்ளிருந்தே வந்தது. அங்கே பிறந்து வளர்ந்த ராப் பாடகர் எம்.வி. பில், படம் தன் ஊர்மீது பூசிய கறையை வெளிப்படையாகக் கண்டித்தார். வேலை கேட்டுப் போகும்போது முகவரி சொல்லவே தயங்கும் மக்களுக்கு, அந்தப் பெயரை உலகமெங்கும் துப்பாக்கியோடு சேர்த்துக் காட்டியதால் என்ன லாபம்? கேள்வி நியாயமானது. பத்தாண்டு கழித்து அந்த நடிகர்களைத் தேடிப்போன ஓர் ஆவணப்படத்தில், சிலர் நடிகர்களாக நிலைத்திருந்தார்கள். மற்றவர்கள் பழைய வறுமையிலேயே இருந்தார்கள்.

பட்டறை மட்டும் படத்தோடு முடிந்துவிடவில்லை. முதலில் 'நோஸ் டோ சினிமா' என்ற பெயரிலும், பிறகு 'சினிமா நோசோ' என்ற பெயரிலும் ரியோவில் ஒரு திரைப்படப் பள்ளியாக வளர்ந்தது. அங்கே ஏழை வீட்டுப் பிள்ளைகள் கேமராவுக்குப் பின்னால் நிற்கவும் கற்றுக்கொள்கிறார்கள்.