கணக்கேடும் வீட்டுமொழியும்: திண்டுக்கற் சீமையின் மக்கள்

சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடையே விரிந்து கிடக்கும் திண்டுக்கற் சமவெளி, கொங்கு நாட்டிலிருந்து மதுரைக்குச் செல்வோர்க்கு வாயிலாக அமைந்தது. வாயில் காக்க வந்தவர்களே பின்னர் இந்நிலத்தின் குடிகளாயினர். இங்குள்ள மக்கட்கலப்பின் வரலாற்றை இவ்வொரு வரியிலிருந்தே தொடங்கலாம்.

14ஆம் நூற்றாண்டில் விசயநகரத்தார் மதுரையைக் கைப்பற்றிய பின்னும், 16ஆம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சி வேரூன்றிய பின்னும், தெலுங்கும் கன்னடமும் பேசிய குடிகள் அலையலையாகத் தெற்கே வந்தன. இராசகம்பளத்தார் விருபாட்சி முதலிய பாளையங்களை ஆண்டனர். அனுப்பரும் காப்பிலியரும் கன்னடத்தைத் தம் வீட்டுமொழியாகக் கொண்டு வேளாண்மை செய்தனர். சின்னாளபட்டித் தறிகளில் தேவாங்கர் அமர்ந்தனர். திண்டுக்கல்லிலும் நிலக்கோட்டையிலும் சௌராட்டிரர் நெய்தனர். 1755இல் ஐதர் அலி மைசூர்ப் படையுடன் திண்டுக்கல்லுக்கு வந்தபின் உருதும் ஊருக்குள் ஊன்றியது. பேகம்பூர் என்னும் பெயரே அதற்குச் சான்று. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சீமை கும்பினியார் கைக்குச் சென்றது. அவர்களை எதிர்த்து 1801இல் தூக்கிலேறிய விருபாட்சி கோபால நாயக்கரை, அவர்தம் வீட்டுமொழி யாதெனக் கேட்டுவிட்டு இன்று எவரும் நினைவுகூர்வதில்லை. வந்தேறி, மண்ணின் மைந்தன் என்று பேசுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இனி, கணக்கேட்டிற்கு வருவோம். தமிழகத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கூறியோர் 1991இல் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மிகுதி. 2011இல் ஆறு பேருக்கும் சற்றுக் குறைவு. இவர்கள் எங்கே போயினர்? மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே திரும்பியவரை நாம் கண்டதில்லை. மறுமொழியே மாறியது என்பது என் துணிபு. குழந்தைப் பருவத்தில் தாய் தன்னிடம் பேசிய மொழியே ஒருவரின் தாய்மொழி என்பது கணக்கெடுப்பின் இலக்கணம். பாட்டி தெலுங்கில் தாலாட்டினாள். பள்ளி சென்ற தாய் தமிழில் கொஞ்சினாள். அப்பிள்ளை தமிழ் என்று கூறுவது பொய்யன்று. பெயர்ச்சி ஏதுமின்றி ஒரே தலைமுறையில் மக்கள்தொகையின் சேர்க்கை ஏட்டில் மாறிவிடுகிறது. 1961இல் 1,652 தாய்மொழிப் பெயர்களைப் பதிந்த ஏடு, 1971 முதல் பத்தாயிரம் பேருக்குக் குறைந்தோர் பேசும் மொழிகளைத் தனித்துக் காட்டுவதையே நிறுத்திக்கொண்டது. ஒருவர்க்கு ஒரு தாய்மொழியே என்னும் கட்டமோ, இருமொழி வாழும் சின்னாளபட்டி வீட்டை எந்நாளும் முழுமையாகக் காட்டியதில்லை.

இதனால் தமிழ் பெற்றது மிகுதி. தெலுங்கு வீட்டிலிருந்து கி. ராஜநாராயணனும், சௌராட்டிர வீட்டிலிருந்து எம். வி. வெங்கட்ராமும் வந்தனர், முன்னவர் 1991இலும் பின்னவர் 1993இலும் தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றனர். முன்னவர் தம் முன்னோர் தெற்கே வந்த கதையையே 'கோபல்ல கிராமம்' ஆக்கினார். ஆனால் இழப்பையும் நாம் மறைத்தலாகாது. தறிக்கும் உறவுக்கும் சடங்குக்கும் உரிய வீட்டுச்சொற்கள், எழுத்தில் ஏறாமலே பாட்டியரோடு போய்க்கொண்டிருக்கின்றன. நம் வட்டத்தில் இத்தகைய வீடுகளிலிருந்து வந்த கவிஞர் உளர். அவர்கள் வீட்டுச்சொற்களைத் தமிழெழுத்திலேனும் குறித்துவைத்தால் அதுவே அடுத்த மலருக்குத் தக்க கட்டுரையாகும்.

2021இல் நடைபெற வேண்டியிருந்த கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. அது 2027இல், சாதிவாரியாகவும் நிகழுமென அரசு 2025இல் அறிவித்தது. இதற்கிடையே வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளர் வந்து சேர்ந்துள்ளனர். அவர்தம் பிள்ளைகளிற் சிலர் தமிழ்ப் பள்ளியில் அகரம் எழுதுகின்றனர்.